தட்டடவில் கால் எங்கே?

மதுரை,
ஞாயிறு மாலை

அன்புள்ள வள்ளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நவராத்திரி, அப்புறம் விஜயதசமிக்குப் புதுப் பிள்ளைகளைச் சேர்த்தது என்று நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்குத்தான் வகுப்பு இல்லை. மாடியில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அண்ணன் வாசற்படியில் நின்றுபோன கதையை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் நிலைப்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார், கையைப் பிடித்து இழுத்தாலும் அசையவில்லை, பார்க்கின்சன் நோய்க்காரர்களுக்குக் குறுகலான இடமும் வாசலும்தான் பெரிய தடை என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நீ உன்னை அறியாமல் தொடையில் தட்டி 'தெய்யா தெய்' என்று சொல்ல, வலது கால் எழுந்துவிட்டது என்றாய். படித்ததும் கடிதத்தை மடியில் வைத்துவிட்டேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் பரத வகுப்பின் மண் தரையில் நாம் குதிகால் நோகத் தட்டிய தாளச்சொல், லீட்ஸ் நகரத்தில் ஒரு வீட்டு நிலைப்படியில் ஒரு மனுஷனை நடக்க வைத்திருக்கிறது.

அவர் போகிற நடன வகுப்பைப் பற்றி நீ எழுதியதும் இதையேதான் சொல்கிறது. உடம்புக்குள் ஓடும் தாளம் தடுமாறும்போது வெளியிலிருந்து கேட்கும் தாளம் கைகொடுக்கிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் மார்க் மாரிஸ் நடனக் குழு 2001இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வகுப்பு தொடங்கியது. அதன் வழியில் இன்று எத்தனையோ ஊர்களில் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே வருகிறவர்களை நோயாளிகளாக நடத்துவதில்லை, ஆடக் கற்றுக்கொள்ள வந்தவர்களாகவே நடத்துகிறார்கள். நீயும் அண்ணனோடு சேர்ந்து ஆடுகிறாய் என்று எழுதியிருந்தாயே, அதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று இருந்தேன். எத்தனை வருடம் கழித்து, வள்ளி!

அரங்கேற்றத்துக்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு உங்கள் அப்பா உன்னை வகுப்பிலிருந்து நிறுத்தினார். பட்டுப்புடவை, நகை, பக்கவாத்தியம், மண்டபம், சாப்பாடு. கச்சேரியின் நீண்ட, முக்கியமான உருப்படியான வர்ணம் உனக்குப் பாதி முடிந்திருந்தது. எனக்கு அந்த வசதி இருந்தது, அதனால் நான் டீச்சர் ஆனேன். உனக்கு என்னைவிட அபிநயம் நன்றாக வரும் என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். இதை உன்னிடம் இதுவரை நேரில் சொன்னதில்லை.

நீ என்னிடம் கேட்டாய், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று. அதற்கு முன்னால் ஒரு பழைய தவறை எழுதவேண்டும். சுமார் இருபது வருடம் முன்பு ஒரு அம்மா தன் பெண்ணை அழைத்து வந்தார். எட்டு வயது இருக்கும். இடது காலில், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர் போட்டிருந்தாள். நான் நல்ல வார்த்தையில்தான் பேசினேன். "முழங்காலை மடக்கி அரைமண்டி உட்காரவேண்டும் அம்மா, இவளுக்குக் கஷ்டம், பாட்டு வகுப்பில் சேருங்கள்" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. படி இறங்கும்போது கம்பிக் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டே போனாள். உள்ளே நடந்துகொண்டிருந்த அடவின், அந்த அடிப்படை ஆட்ட அசைவின், தாளம் அது, ஒரு அட்சரம் பிசகவில்லை. கேட்டுக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.

நாம் இரண்டு பேரும் சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு ஆடலை மனப்பாடம் செய்தவர்கள். கொற்றவை மரக்கால் மேல் நின்று ஆடியது அதில் ஒன்று. தெய்வம் காலில் மரம் பூட்டி ஆடினாள் என்று மேடையில் விளக்கவுரை சொன்ன நான், காலில் இரும்பு பூட்டி வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பினேன்.

சரி, இப்போது நடப்பதைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பெயர் எழுதவில்லை, அவர்கள் பெற்றோரிடம் கேட்கவில்லை. ஒருத்திக்குக் காது கேட்காது, பதினொரு வயது. இன்னொருத்திக்கு மூளை முடக்குவாதம், சக்கர நாற்காலியில் வருகிறாள், பத்து வயது.

காது கேட்காத பெண்ணுக்கு, நான் தாளம் தட்டும் தட்டுக்கழியின் ஓசையை எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று நான் திணறினேன். என் மாடி மொசைக் தரை, அதில் அதிர்வு ஓடாது. ஆசாரியிடம் சொல்லி, அடியில் சட்டம் கொடுத்து உயர்த்திய பெரிய பலகை ஒன்று செய்துகொண்டேன். அதன் ஒரு ஓரத்தில் நான் தட்டுகிறேன், மறு ஓரத்தில் வெறுங்காலோடு அவள் நிற்கிறாள். முதல் நாள் பாதத்தின் வழியாகத் தாளம் ஏறியதும் அவள் கண் விரிந்ததை நீ பார்த்திருக்கவேண்டும். நான் எதிர்பார்க்காதது வேறு ஒன்று. சைகை மொழியில் முகமும் இலக்கணம். புருவம் உயர்ந்தால் அது கேள்வி. அவளுக்கு முகம் பேசுவது பிறவி மொழிபோல. "கண்ணன் வருகிறானா?" என்று நான் அபிநயம் பிடித்துக் காட்டியபோது, நீங்கள் கேட்கிறீர்களா, வருகிறான் என்று சொல்கிறீர்களா என்று சைகையில் என்னிடம் கேட்டாள். முப்பது வருடம் ஆடியும் என் புருவம் இரண்டுக்கும் நடுவில் குழப்பமாகத்தான் நின்றிருக்கிறது. அன்று முதல் அபிநய வகுப்பில் அவள் முதல் வரிசை.

சக்கர நாற்காலிப் பிள்ளையிடம்தான் நான் அதிகம் கற்றேன். ஆறு மாதம் அவளுக்குக் கை அசைவு மட்டும் சொல்லிக்கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் காலால் தரையைத் தட்டித் தட்டடவு செய்யும்போது அவள் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அவளே நாற்காலியின் முன்பலகையில் உள்ளங்கையால் தட்டத் தொடங்கினாள். வலது, இடது, வலது, இடது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டடவு என்ற பெயரில் கால் எங்கே இருக்கிறது, வள்ளி? தட்டு என்றுதானே இருக்கிறது! நாட்டடவில் நாட்டவேண்டும். நாம் குதிகாலை நாட்டினோம், அவள் மணிக்கட்டின் அடியை நாட்டுகிறாள், விரல்கள் மேலே நிமிர்ந்து நிற்கின்றன. நம் முன்னோர் அடவுக்குப் பெயர் வைத்தபோது செயலைச் சொல்லித்தான் வைத்தார்கள். உருவத்தைப் பிடித்துக்கொண்டு செயலை விட்டது நாம்தான்.

உன் ஊர்க்காரர் டேவிட் டூலை நினைத்துக்கொள்கிறேன். அவர் லீட்ஸில் பிறந்தவர், அங்கேயே அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரிந்திருக்கும். குழந்தையாக இருந்தபோதே இரண்டு காலும் எடுக்கப்பட்டுவிட்டன. கேண்டோகோ நடனக் குழுவின் பயிற்சிப் பட்டறைக்குப் போனவர், வேலையை விட்டுவிட்டு நடனக்காரர் ஆனார். கையால் நடந்து, கையில் நின்று, கையில் சுழன்று ஆடிய அவருடைய காணொளியை என் பெரிய பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவில் அவர் அந்தரத்தில் எழுந்ததையும் காட்டினேன். 2020இல் இறந்துவிட்டார். கேண்டோகோ பிறந்த கதையும் நெஞ்சைத் தொடும். செலஸ்ட் டாண்டெகர் மேடையில் ஆடிக்கொண்டிருந்தபோது 1973இல் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர். 1991இல் ஆடம் பெஞ்சமினோடு சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆடும் குழுவாக அதைத் தொடங்கினார். அங்கே தொழில்முறை நடனம், இரக்கத்துக்கான நிகழ்ச்சி கிடையாது. நம் ஊரில் இன்னும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். டிசம்பர் 3 அன்று மாற்றுத்திறனாளிகள் நாளுக்கு மேடையேற்றி, சால்வை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு இடம் இல்லை.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று இங்கே சிலர் சொல்கிறார்கள், அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1952இல் ராயலசீமா வறட்சி நிதிக்காக அரங்கேறியபோது, யமுனையின் நீர்ப்பெருக்கை அபிநயிக்கும் நேரத்தில் வெடித்த மண்தான் அவர் கண்ணில் வந்தது. அந்த முரணிலிருந்து அவர் நடை மாறியது. 1985இல் 'அங்கிகா'வில் அடவையும் கேரளத்துப் போர்க்கலையான களரியையும் ஒரே மேடையில் வைத்தார். பரதம் கற்காத உடம்புக்கும் இந்த மேடையில் சொல்ல ஒன்று இருக்கிறது என்று காட்டினார். பெசன்ட் நகரில் அவர் வீட்டை ஒட்டிய அந்த அரங்குக்கு நாம் ஒரு முறை போனோமே, நினைவிருக்கிறதா? கடல்காற்று, மரங்கள், நீ செருப்பைத் தொலைத்தாய்.

நம் மதுரையிலேயே பிறந்த நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜைப் பார். திருநங்கை என்று ஊர் தள்ளிவைத்தது. தஞ்சை நால்வர் என்ற பழைய நடன ஆசான்களின் வழிவந்த கிட்டப்பா பிள்ளை ஏற்றுக்கொண்டார். 2019இல் நர்த்தகி பத்மஸ்ரீ பெற்றார், திருநங்கையரில் அவர்தான் முதலாமவர். ஒரு குருவின் 'வா' என்ற ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டாம். மாதவியின் பதினொன்றில் காமன் ஆண்மை திரிந்த பெண் கோலத்தில் ஆடிய பேடு என்ற ஆடலும் இருப்பதை நாம் பரீட்சைக்காகத்தான் படித்தோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யாரைச் சேர்த்துக்கொள்வது என்று பேசும்போது, யாரிடமிருந்து இந்த ஆட்டம் வந்தது என்பதை நாம் விட்டுவிடுகிறோம். 1947இல், பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுவதைத் தடுத்து சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. அது வரவேண்டிய சட்டம். ஆனால் தலைமுறையாக ஆடிவந்த தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்தும் காணாமல் போனார்கள், அவர்கள் கலை மட்டும் மற்ற வீடுகளில் வளர்ந்தது. பாலசரஸ்வதியைப் போல நின்று ஆடியவர்கள் மிகச் சிலர். இன்று அதே மரபைச் சேர்ந்த இசைவேளாளர் குடும்பத்திலிருந்து வந்த நிருத்யா பிள்ளை இதை வெளிப்படையாகப் பேசுகிறார். கேட்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. சங்கடப்படவேண்டியதுதான். என் வகுப்பில் இப்போது அடவைச் சொல்லிக்கொடுக்கும்போதே அதை அமைத்துத் தந்த, ஆட்டம் கற்பித்த நட்டுவனார் குடும்பங்களின் பெயரையும் சொல்லிக்கொடுக்கிறேன்.

தரம் குறையாதா என்று நீ கேட்கவில்லை. ஆனால் ஒரு பெற்றோர் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. அவரைத் தப்பாக நினைக்கவில்லை, நானே ஒரு காலத்தில் அப்படி நினைத்தவள். அவரை உட்காரவைத்து வகுப்பைப் பார்க்கச் சொன்னேன். சக்கர நாற்காலிப் பிள்ளை மூன்றாம் காலத்தில், அதாவது மிக வேகமான நடையில், தட்டியபோது ஒரு இடத்தில் தாளம் தப்பியது. நிறுத்தி, மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி. மறுபடி. ஐந்தாவது முறை சரியாக வந்தது. அவளுக்கு வியர்த்துவிட்டது, ஆனால் சிரித்தாள். அவளுக்குத் தளர்த்திக் கொடுத்தால்தான் அது அவமானம். தாளத்தின் காலம் மாறாது, அதை எந்த உறுப்பால் பிடிப்பது என்பதுதான் மாறும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, கலைப் பாடங்களை அவர்களும் பங்கேற்கும்படி மாற்றியமைக்கவேண்டும் என்கிறது. நல்ல சொல். ஆனால் என் வகுப்பு முதல் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. தினமும் நாற்காலியை அவள் அப்பாவும் கீழ்க்கடைப் பையனும் தூக்கி ஏற்றுகிறார்கள். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரியும். தரைத்தளத்தில் இடம் தேடுகிறேன். இரண்டு வீட்டில் வாடகை அதிகம். மூன்றாவது வீட்டுக்காரர், அந்த மாதிரிப் பிள்ளைகள் வந்தால் அக்கம்பக்கம் பேசும் என்றார். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்லியிருக்கவேண்டும். தை பிறப்பதற்குள் இடம் பார்த்துவிடுவேன்.

பங்குனியில் பிள்ளைகளின் நிகழ்ச்சி வைக்கப்போகிறேன். அரங்கேற்றம் என்று பெயர் வைக்கவில்லை. பருத்திச் சேலை, நகை இல்லை, எல்லாருக்கும் ஒரே உடை, செலவு என்னுடையது. நீயும் அண்ணனும் அந்த நேரம் வர முடியுமானால் வாருங்கள். நிறுத்திய இடத்திலிருந்து அந்த வர்ணத்தை நீ ஆடவேண்டும். உட்கார்ந்து ஆடினாலும் சரி. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். பாட்டு வரி மறந்திருந்தால் எழுதி அனுப்புகிறேன், என் நோட்டு இன்னும் இருக்கிறது.

அப்புறம் ஒரு உதவி. அண்ணனின் வகுப்பை நாற்காலியில் உட்கார்ந்துதான் தொடங்குகிறார்கள் என்றாய். அந்த நாற்காலிக்குக் கைப்பிடி உண்டா, இல்லையா? எவ்வளவு உயரம்? தெருவில் இரண்டு பாட்டிகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்குமோ என்று பயமாக இருக்கிறது. டீச்சரிடம் கேட்டு, முடிந்தால் அளந்து எழுது.

அன்புடன்,
கோமதி