ஈர நெல்லும் என் எடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எடைக் குறைப்பு பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். வரகும் தினையும் சாப்பிடச் சொன்னது சரி. ஆனால் உடற்பயிற்சி தொடங்கிய முதல் வாரம் எடை ஏறவும் செய்யும் என்று ஒரு வரி இல்லை. அது தெரியாததால்தான் என் பக்கத்து வீட்டுக்காரர், ஜிம்முக்குக் கட்டிய மூன்று மாதப் பணம் போனால் போகட்டும் என்று ஐந்தாம் நாளே நின்றுவிட்டார். நானும் நின்றிருப்பேன்.

நான் நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை இருக்கிறது, ஐந்து கிலோவாவது குறையுங்கள் என்றார் டாக்டர். தை பிறந்ததும் ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாள் காலை 82.4 கிலோ. டம்பெல்லைக் கையில் கொடுத்து உட்கார்ந்து எழ வைத்தார்கள். மறுநாள் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கினேன். நான்காம் நாள் மெஷினில் ஏறினால் 83.9. "காசும் கொடுத்து எடையும் வாங்கிட்டு வர்றீங்களா?" என்றாள் மனைவி. ஜிம் பையனோ ஒரு டப்பாவை நீட்டி, இதைக் குடித்தால் சரியாகிவிடும், 2,800 ரூபாய் என்றான்.

டப்பாவை வாங்காமல் தடுத்தவள் பிசியோதெரபி படித்த என் மருமகள். "ஒரு கிலோ கொழுப்பு சேரணும்னா தேவைக்கு மேல 7,700 கலோரி சாப்பிட்டிருக்கணும் மாமா. ஒன்றரைக் கிலோவுக்குக் கணக்குப் போடுங்க" என்றாள். போட்டேன். இட்லிக்கு 50 கலோரி என்றால் இருநூறு இட்லிக்கு மேல் வருகிறது. நான் சாப்பிட்டது வேளைக்கு மூன்று.

பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுமாம். அதைச் சரிசெய்ய அங்கே நீர் கோத்துக்கொள்ளும். இரண்டாம், மூன்றாம் நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும். அப்புறம், பயிற்சிக்குப் பழகும் தசை கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் நீர்ப்பகுதியும் கொஞ்சம் கூடும்.

இதைக் கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் "காய்ச்சல் பத்தலை, களத்துல கொட்டுங்க" என்று எத்தனை விவசாயிகளைத் திருப்பியிருப்பேன்! பனியோடு வந்த மூட்டை வெயிலில் காய்ந்தால் எடை இறங்கும், ஒரு மணி நெல் குறைந்திருக்காது. அதே புத்தி என் உடம்பு விஷயத்தில் வேலை செய்யவில்லை.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவு மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நடந்தது ஊருக்கே தெரியும். காலையில் 50 கிலோவுக்குள் இருந்தவர், மூன்று போட்டி முடிந்து சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகு அன்று மாலை அந்த வரம்பைவிட 2.7 கிலோ கூடுதலாக இருந்தார். இரவெல்லாம் போராடியும் கடைசி 100 கிராம் இறங்கவில்லை; இறுதிப் போட்டிக்கு முன் தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். ஒரே நாளில் உடம்பு இவ்வளவு ஏறி இறங்கும் என்றால் என் ஒன்றரைக் கிலோ எம்மாத்திரம்?

இன்னொரு கூத்தும் உண்டு. சித்திரை வெயிலில் நடந்துவிட்டு வந்து, வேர்வையைக்கூடத் துடைக்காமல் மெஷினில் ஏறி, 'முக்கால் கிலோ போச்சு' என்று சிலர் குதிக்கிறார்கள். மூன்று சொம்பு தண்ணீரில் அது திரும்பி வந்துவிடும்.

இப்போது ஞாயிறு காலை மட்டும், கழிவறை போய் வந்து, வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் குறிக்கிறேன். மூன்றாம் வாரம் 82.1, ஏழாம் வாரம் 80.6. பக்கத்து வீட்டுக்காரரிடம் காலண்டரைக் காட்டினேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

அடுத்த முறை இதையெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். கூடவே ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் அம்மாவுக்கு இதயம் பலவீனமாக இருந்தது. தினமும் எடை பார்த்து எழுதுங்கள், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கி மூச்சு வாங்கினாலோ உடனே அழைத்து வாருங்கள் என்பார் டாக்டர். அதுவும் நீர்தான். ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பட்டியல் எழுத்தர்,
தஞ்சாவூர்.