சாயம் போன ரோஜா

தருமபுரி,
சித்திரை 20

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மாங்காய் சீசன், ஊறுகாய் வேலை. முழங்கால் வலி அப்படியேதான், அதை விடு.

நான் செய்த அசட்டுத்தனத்தைக் கேள். மார்கழியில் ஓசூரில் ஒரு நர்சரியில் ரோஜாச் செடி வாங்கினேன். ரத்தச் சிவப்பு, இதழ் ஓரமெல்லாம் கருப்பு. அந்த ஓரத்துக்கு ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். பங்குனி பிறந்ததும் பூ சிறுத்து, வெளுத்து, பழம்புடவை மாதிரி ஆகிவிட்டது. "வேற செடியைத் தந்து ஏமாத்திட்டீங்க" என்று நர்சரிக்காரரிடம் போனில் பொரிந்து தள்ளினேன். அவர் நிதானமாக, "ஒட்டுக்குக் கீழேருந்து கிளைச்சிருக்கா பாருங்கம்மா" என்றார். ரோஜாவை ஒட்டுக்கட்டின அடிச்செடி தழைத்து மேலேறினால் பூவே மாறிவிடுமாம். பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. "அப்போ வெயில்தாம்மா."

அவர் சொன்னது சரிதான். சிவப்பும் ஊதாவும் தருகிற ஆந்தோசயனின் என்கிற நிறமி குளிரில்தான் நன்றாகச் சேரும். அதற்குச் சர்க்கரை வேண்டும். இரவும் புழுங்கினால், பகலில் சேர்த்த சர்க்கரையைச் செடி மூச்சுவிட்டே தீர்த்துவிடும். சேர்ந்த நிறமும் சூட்டில் சிதையும். ஓசூர் கிட்டத்தட்ட 3,000 அடி உயரம், நம்மூர் அதில் பாதிதான். என் மொட்டை மாடியோ தோசைக்கல். பக்கத்துத் தொட்டிச் செண்டுமல்லி மட்டும் மஞ்சள் குறையாமல் நிற்கிறது. அதன் நிறம் கரோட்டினாய்டு, வெயிலுக்கு அவ்வளவு சீக்கிரம் அசையாது.

வேடிக்கை என்னவென்றால், குளிர் அதிகமாகி இதழ் கருத்தால் ரோஜா வியாபாரிகள் அந்தப் பூவைக் கழித்துவிடுவார்களாம். நான் மயங்கியது கழிவுப் பூவில்!

உன் ஏற்காட்டு ஹைட்ரேஞ்சியா நீலம் போய் ரோஸ் ஆனதாக எழுதியிருந்தாயே, அதற்கு வெயில் காரணமில்லை. புதுச் சுற்றுச்சுவர் ஓரமாகத்தானே மாற்றி வைத்தாய்? சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கியிருக்கும். மண் புளிப்பாக இருந்தால்தான் அதிலுள்ள அலுமினியத்தை வேர் உறிஞ்சும், பூ நீலமாகும். சுண்ணாம்பு ஏறினால் அலுமினியம் மண்ணிலேயே கட்டுண்டுவிடும். சுவரை விட்டுத் தள்ளி நட்டுப் பார். உடனே மாறாது, அடுத்த பூப்பு வரை பொறு.

என் தொட்டியைக் கிழக்குப் பக்கம் நகர்த்திவிட்டேன், காலை வெயில் மட்டும் படும். நர்சரிக்காரருக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கும் ஒன்று இருக்கிறது, மார்கழியில் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
விஜயா