எதிரிக்குத் தெரிந்ததை எங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்?

தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தில் பாதுகாப்புத் துறையைக் கண்காணிக்கும் கூட்டு நிலைக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் விமானப்படையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஊர் டர்பன், மெர்பேங்க். பழைய லூயி போத்தா விமான நிலையம் எங்கள் வீட்டுக்குப் பக்கம். விமானம் இறங்கும்போது தாத்தா பேச்சை நிறுத்துவார், சத்தம் ஓய்ந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். 2010 மே மாதம் பயணிகள் விமானங்கள் எல்லாம் வடக்கே கிங் ஷாகா நிலையத்துக்குப் போய்விட்டன. விமானப்படைத் தளம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. ஓரிக்ஸ் ஹெலிகாப்டர் கூரைக்கு மேலே போனால் இன்றைக்கும் நான் வாசலுக்கு வந்துவிடுவேன். கியர்பாக்ஸ் சத்தம் சரியாக இருக்கிறதா என்று காது தானாகவே கேட்கும்.

நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு நான் படையில் சேரப் போனபோது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “அந்த விமானங்கள் யார் தலையில் குண்டு போட்டன தெரியுமா?” என்று கேட்டார். 1978 மே மாதம் அங்கோலாவில் நமீபியர்கள் தங்கியிருந்த கசிங்கா முகாம் மீது நடந்த தாக்குதலை அவர் மறக்கவே இல்லை. அவர் அதைவிட அடிக்கடி சொன்னது 1975 கதை. அந்த ஆண்டு நம் படை அங்கோலாவுக்குள் நுழைந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. அங்கோலாக்காரனுக்குத் தெரியும், கியூபாக்காரனுக்குத் தெரியும், அமெரிக்காவுக்கும் தெரியும். இங்கே பத்திரிகைகள் எழுத முடியாதபடி சட்டம் வாயைக் கட்டியிருந்தது. பிள்ளைகளைப் படைக்கு அனுப்பிய குடும்பங்களுக்கு மட்டும் தெரியாது. “ரகசியம் எதிரிக்காக இல்லடா, நமக்காக” என்பார் அப்பா. அது பழைய ஆட்சியின் குணம், புதிய படையில் அப்படி இருக்காது என்று நான் அவரோடு வாதாடினேன். பாதி சரி, பாதி தவறு. அந்தத் தவறான பாதியைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கிரிப்பென் போர் விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 ஆயுத ஒப்பந்தத்தில் வாங்கியவை, மொத்தம் 26. மக்காடோ தளத்தில் இருக்கின்றன. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோனதால் 2021 செப்டம்பர் முதல் ஏறக்குறைய ஓராண்டு அவை பறக்கவில்லை. தயாரித்த சுவீடன்காரர்களுக்கு இது தெரியும். மேலே செயற்கைக்கோள் வைத்திருக்கும் எந்த நாட்டுக்கும், ஓடுபாதையில் நடமாட்டம் இல்லை என்று தெரியும். அப்படியானால் அதை வெளியே சொல்லத் தயங்கிய ஒவ்வொரு நாளும் யாரிடமிருந்து மறைத்தோம்? வரி கட்டுகிறவர்களிடமிருந்து. அப்புறம், உங்களிடமிருந்து.

எந்த ரகசியமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வழியாகப் பறக்கிறோம், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் பேசுகிறோம், ஏவுகணை வந்தால் எச்சரிக்கும் கருவி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது, வெப்பச் சுடரை எப்போது வீசுகிறோம் என்பதெல்லாம் செத்தாலும் வெளியே போகக்கூடாது. இன்றுவரை என் மனைவிக்குக் கூட நான் சொல்லாத விஷயங்கள் உண்டு, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு விமானி சென்ற ஆண்டு எத்தனை மணி நேரம் பறந்தார், பத்து ஹெலிகாப்டரில் எத்தனை எழும்பும், உதிரிப் பாகத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்கிறோம், விபத்து ஏன் நடந்தது என்பவை வேறு வகை. இவற்றின் மேலும் அதே முத்திரையைக் குத்தும்போது, முத்திரை அதிகாரியின் மானத்தைத்தான் காக்கிறது.

இதற்கு அதிகாரிகள் ஒரு பதில் சொல்வார்கள், அதில் நியாயமும் உண்டு. கையில் உள்ள கருவியைப் பொறுத்துத்தான் போர் உத்தி அமையும், குறையைச் சொன்னால் உத்தியும் வெளியாகும் என்பார்கள். 1987இல் அங்கோலா வானில் நடந்ததே இதற்கு நல்ல உதாரணம். 1977 நவம்பரில் ஐ.நா. விதித்த ஆயுதத் தடையால் நம் விமானிகளுக்குப் புது விமானம் கிடையாது. எதிரே கியூபா விமானிகளின் மிக்-23 போர் விமானம், அதன் ஏவுகணை நேருக்கு நேர் வரும்போதே தாக்கக்கூடியது. நம் மிராஜ் எஃப்1 விமானிகளால் அப்படித் திருப்பி அடிக்க முடியவில்லை. அதனால் மரத்தின் உயரத்தில் பறந்து வந்து, குண்டை எட்ட இருந்தே மேல்நோக்கி எறிந்துவிட்டு, உடனே திரும்பி ஓடுவதையே உத்தியாக்கிக் கொண்டார்கள். குறையிலிருந்து பிறந்த உத்தி அது. 1987 செப்டம்பர் 27 அன்று ஏவுகணை பட்ட ஒரு மிராஜை அதன் விமானி நமீபியாவில் இருந்த ருண்டு தளம் வரை ஓட்டிக் கொண்டுவந்தார். இறங்கும்போது நடந்ததில் அவர் வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்த பிறகு அந்தக் காலத்து விமானிகள் வெளிப்படையாகப் பேசினார்கள். எங்கள் ரேடாரும் ஏவுகணையும் போதவில்லை என்றார்கள். அதை எதிரி வானத்திலேயே கண்டுகொண்டிருந்தான். அவர்கள் பேசியது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அதே பேச்சைப் போர் நடக்கும்போதே, மூடிய அறையிலாவது, நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் உட்கார்ந்து கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி பழசாகிவிடவில்லை. 2013 மார்ச்சில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்குயியில் நம் வீரர்கள் 13 பேர் இறந்தார்கள், மேலே நம் விமானம் இல்லை. அதே ஆண்டு கிழக்கு காங்கோவில் ரூய்வால்க் ஹெலிகாப்டர்கள் ஐ.நா. படையோடு சேர்ந்து எம்23 கிளர்ச்சியாளர்களை விரட்டின. நாமே இங்கே செய்த இயந்திரம், படைக்கு மொத்தம் 12தான் கட்டப்பட்டன. அன்றைக்கு எவ்வளவு பெருமைப்பட்டோம்! பிறகு அதைக் கட்டிய டெனல் நிறுவனமே சம்பளம் கொடுக்க முடியாத நிலைக்கு வந்தது. 2023 பிப்ரவரியில் கிழக்கு காங்கோவின் கோமா நகரப் பக்கம் பறந்த நம் ஓரிக்ஸ் மீது தரையிலிருந்து சுட்டார்கள். குழுவில் ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயப்பட்டார், அந்த நிலையிலும் ஹெலிகாப்டரைக் கோமாவில் பத்திரமாக இறக்கினார்கள். 2025 ஜனவரியில் கோமாவைச் சுற்றி நம் வீரர்கள் 14 பேர் இறந்தபோது, தலைக்கு மேலே துணை நிற்க நம் ரூய்வால்க் ஒன்றுகூட இல்லை. இதைச் சொல்ல ரகசியக் கோப்பு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. எல்லாம் செய்தியில் வந்தவை. ஆனால் இவற்றுக்கு முந்தின மாதங்களில் ஹேங்கர்களில், அதாவது விமானக் கொட்டகைகளில், எங்கள் ஆட்கள் பேசிக்கொண்டது உங்கள் மேசைக்கு வந்ததா?

பறக்காமல் இருந்தால் விமானிக்கு என்ன ஆகும் என்று சிலருக்குப் புரிவதில்லை. எங்கள் கோயிலில் காவடித் திருவிழாவுக்குத் தவில் அடிப்பவரைக் கேளுங்கள். ஆறு மாதம் குச்சியைத் தொடாவிட்டால் தாளம் மனசில் இருக்கும், கை சொன்னபடி கேட்காது. விமானிக்கும் அதேதான். பகலில் நேராக ஓட்டுவது மறக்காது. இரவில், இருட்டைப் பச்சையாகக் காட்டும் கண்ணாடி மாட்டிக்கொண்டு, தூசி கிளம்பும் இடத்தில் இறங்குவதும், காற்றடிக்கும்போது அசையாமல் நிறுத்திக் கயிற்றில் ஆளைத் தூக்குவதும் வாரா வாரம் செய்தால்தான் கையில் நிற்கும். பயிற்சிக் கருவியில் உட்கார்ந்து பழகலாம், உதவும். ஆனால் அதில் வயிறு கலங்காது. ஏட்டில் அவர் “தகுதி உள்ளவர்” என்றே இருக்கும், ஏனென்றால் குறைந்தபட்ச மணிக்கணக்கை எப்படியோ தொட்டிருப்பார். அவருக்குத் தெரியும் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று. சொன்னால் பறக்க விடமாட்டார்கள், படியும் போகும். சொல்லாவிட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர்.

தரையில் எங்கள் பக்கமும் கேளுங்கள். எந்தத் தளம், எந்தப் பிரிவு என்று சொல்லப் போவதில்லை. ஒரு நாள் வால் சுழலியின் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எண்ணெய்க்குள் ஒரு காந்தச் செருகி இருக்கும், தேய்ந்த இரும்பு அதில் வந்து ஒட்டும். மாவு மாதிரி ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். அன்று ஒட்டியிருந்தது செதில், நகத்தளவு இருக்கும். மேலே இருந்தவர், “துடைத்து மாட்டு, நாளைக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், ஏட்டில் எழுதாதே” என்றார். மாட்டுவதற்கு வேறு கியர்பாக்ஸும் இல்லை, ஹேங்கரின் மூலையில் நின்ற ஹெலிகாப்டரிலிருந்து கழற்றக்கூடியதை எல்லாம் ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. ஹேங்கர் குயின் என்போம் அப்படி நிற்பதை. நான் எழுதினேன். காலையில் ஏட்டைப் படித்த விமானி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அடுத்த வாரம் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எட்டு மாதம் அங்கே திருகாணி எண்ணிக்கொண்டிருந்தேன். என்னைவிட அந்த விமானிக்கு அதிகம் போனது, அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. இதெல்லாம் ரகசியச் சட்டத்தின் பெயரில் நடந்ததா? இல்லை. ஆனால் வெளியே சொல்லலாமா என்று நான் கேட்டபோது கிடைத்த பதில், “இது படை ரகசியம்” என்பதுதான். ஒரு செதில் இரும்பு!

இப்போது என் அக்கா மகள் பறக்கிறாள். எந்த விமானம் என்று எழுத மாட்டேன். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது கேட்டேன், எப்படிம்மா இருக்கு என்று. “மாமா, ரகசியத்தை உளறிடுவேன்னு எனக்குப் பயமில்ல. அது எனக்குத் தெரியும். குறை சொன்னா விசுவாசம் இல்லாதவன்னு பேர் வந்துடும், அதுக்குத்தான் பயம்” என்றாள். முப்பது வயதில்லை அவளுக்கு. அவளோடு பயிற்சி எடுத்தவர்களில் சிலர் விமான நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். வெளிநாடு போனவர்களும் உண்டு. 2022இல் பிரிட்டன், தன் முன்னாள் போர் விமானிகளைச் சீனப் படைக்குப் பயிற்சி தர வேலைக்கு எடுக்கிறார்கள் என்று எச்சரித்தது. அந்தச் செய்தியில் நம் நாட்டுப் பறப்புப் பள்ளி ஒன்றின் பெயரும் அடிபட்டது, அந்தப் பள்ளி தவறு ஏதும் இல்லை என்று மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. எனக்குப் பட்டது ஒன்றுதான்: போர் உத்தி இரும்புப் பெட்டியில் இல்லை, ஆட்களின் தலையில் இருக்கிறது. மனம் கசந்து வெளியேறுகிறவரோடு அதுவும் வெளியேறும்.

எப்படிக் கேட்பது என்று கேட்பீர்கள். மற்றவர்கள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா ஒரு திட்டத்தை நடத்துகிறது. விமானியோ மெக்கானிக்கோ நடந்த தவறை எழுதி அனுப்பலாம், பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் சொல்வார்கள். அது பயணிகள் விமானத்துக்கு, படைக்குப் பொருந்தாது என்று சொல்லாதீர்கள். 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானில் பிரிட்டனின் நிம்ராட் விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். போர்க்களத்தில், உளவு வேலையில் இருந்த விமானம். ஆனாலும் 2009இல் அதன் விசாரணை அறிக்கையை முழுப் புத்தகமாக வெளியிட்டார்கள். யார் எங்கே கவனக்குறைவாக இருந்தார்கள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். அதன் பிறகு படை விமானங்களின் பாதுகாப்பைப் பார்க்கத் தனி ஆணையமே அமைத்தார்கள். பிரிட்டன் படை அதனால் பலவீனமாகிவிடவில்லை.

நம்மிடம் சட்டத்துக்குக் குறைவில்லை. படைகளை நாடாளுமன்றக் குழுக்கள் கண்காணிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 199ஆம் பிரிவு சொல்கிறது. சிப்பாய்க்கும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இலேயே தீர்ப்பளித்தது. 2012 சட்டத்தின்படி படையினர் முறையிட ஒரு குறைதீர்ப்பாளரும் இருக்கிறார். நம் பாதுகாப்புத் துறையின் சொந்த ஆய்வறிக்கையே, படை மோசமாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பத்தாண்டுக்கு முன்பே ஒப்புக்கொண்டது. ஜெனரல்கள் எழுதினால் அது ஆய்வறிக்கை. சார்ஜென்ட் சொன்னால் மட்டும் துரோகமா?

2022 ஏப்ரல் மழையில் எங்கள் பகுதியில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாலங்கள் போய்விட்டன, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எங்கள் சமூகத்து ஆட்களுக்கு வெள்ளம் புதிதில்லை. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருகியபோது படவட்டன் குடும்பத்தாரும் கூட இருந்தவர்களுமாக ஆறு மீனவர்கள் ஒரு மரப்படகில் திரும்பத் திரும்பப் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். படகோட்டி, படகு ஒழுகினால் கரையிலேயே சொல்லிவிடுவான். சொல்லிவிட்டு அடைத்துக்கொண்டு போவான். எங்கள் பிள்ளைகளும் அப்படிச் சொல்லிவிட்டுப் பறக்கட்டும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் குழுவின் முன்னால் ஜெனரல்கள் மட்டும் வந்து படம் காட்டிவிட்டுப் போவதை நிறுத்துங்கள். பறப்பு மணிக்கணக்கையும், எழும்பக்கூடிய விமானங்களின் எண்ணிக்கையையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொதுவில் வையுங்கள். விபத்து விசாரணையில் போர் நடவடிக்கை சார்ந்ததை நீக்கிவிட்டு, இயந்திரம் சார்ந்ததை வெளியிடுங்கள். மிச்சத்தை மூடிய கதவுக்குள் கேளுங்கள், நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆனால் விமானிகளிடமும், பறப்புப் பொறியாளர்களிடமும், மெக்கானிக்குகளிடமும் நேரில் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு சார்ஜென்ட்டை அழையுங்கள். முதல் கேள்வியை நான் எழுதித் தருகிறேன்: “போன மாதம் எந்தக் கோளாறை ஏட்டில் எழுதாமல் விட்டீர்கள்?” அவர் பதில் சொல்லி முடிக்கும்வரை அவருடைய மேலதிகாரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவர்
மெர்பேங்க், டர்பன்