வேகத்தைக் கூட்டும் முன் வரிசையைப் பாருங்கள்: பெருந்தோட்ட நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவர்களுக்கு,

தோட்ட அலுவலகத்து ஐபி தொலைபேசியில் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்று முறைப்பாடு வந்தால், இணைப்பின் வேகத்தைக் கூட்டச் சொல்லிக் கொழும்புக்கு எழுதுவதே வழக்கமாகிவிட்டது. அந்தக் காசு பெரும்பாலும் வீண்.

குரலை எண்தரவாக்கும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் செக்கனுக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் போதும். பத்துப் பேர் ஒன்றாகப் பேசினாலும் ஒரு மெகாபிட்டைத் தாண்டாது. ஆனால் குரலைச் சுமக்கும் சிறு தரவுத் துண்டுகளான பொதிகள் 20 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகப் பிசகாமல் போக வேண்டும். பெக்டரியிலிருந்து அலுவலகத்துக்கு வரும் 100 மெகாபிட் இணைப்பில் 16 கமராக்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வையுங்கள். சராசரி 64 மெகாபிட்தான். ஆனால் பல கமராக்கள் முழுப்படத்தை ஒரே கணத்தில் தள்ளும்போது கருவிகளை வலையமைப்பில் இணைக்கும் சுவிட்சின் சிறிய நினைவகம் நிரம்பி, பின்னால் வரும் பொதிகள் தொலைகின்றன. ஐந்து நிமிடச் சராசரி காட்டும் வரைபடத்தில் இது தெரியவே தெரியாது.

இதற்குத் தீர்வு, சுவிட்சில் குரல் பொதிகளைத் தனி வரிசையில் முந்தி அனுப்புவது. தொலைபேசிகள் பொதுவாகக் குரல் பொதிகளில் டிஎஸ்சிபி 46 (பொதி எந்த வகை என்று சொல்லும் எண் குறி) என்று குறித்தே அனுப்புகின்றன. சுவிட்ச் அதை ஏற்க வேண்டும். சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போன்ற பழையவற்றில் கியூஓஎஸ்ஸை (பொதிகளைத் தரம்பிரித்து முன்னுரிமை தரும் வசதி) மொத்தமாக இயக்கினால், ஏற்கும்படி தனியே சொல்லாத போர்ட்டுகள் எல்லாம் 46ஐ 0 ஆக்கிவிடும். “கியூஓஎஸ் போட்ட பிறகுதான் மோசம்” என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. தொலைபேசி போர்ட்டிலும், சுவிட்சுகளை இணைக்கும் போர்ட்டுகளின் இரு முனையிலும் குறியை ஏற்கச் செய்யுங்கள். நடுவில் ஒன்று விடுபட்டாலும் பயனில்லை. கணினிகளையும் விருந்தினர் வை-ஃபையையும் 0இலேயே வையுங்கள். ஏனென்றால் எந்தக் கணினியாலும் தன் பொதியில் 46 என்று தானாகவே போட்டுக்கொள்ள முடியும்.

முதலுரிமை வரிசை குரலுக்கு மட்டும். அதற்கும் இணைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். மற்றவற்றுக்கான குறிகள்: வீடியோ கூட்டம் 34, அழைப்புச் சமிக்ஞை 24, மென்பொருள் புதுப்பிப்பு 8. கொழுந்து நிறுவைத் தரவும் சம்பளக் கணக்கும் நடு வரிசையில் போகட்டும். கமராக்கள் அதற்கும் கீழே. கமராக்களை முதலுரிமையில் போட்டால் மற்றதெல்லாம் பட்டினி. பெரிய துரையின் பங்களா மடிக்கணினியையும் அங்கே போடச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள்.

சுவிட்சில் எல்லாம் சரியாக இருந்தும் வெளி அழைப்பு மட்டும் கெட்டால் ரவுட்டரைப் பாருங்கள். உள்ளே 1 கிகாபிட், வெளியே ஏறுதிசையில் 10 மெகாபிட் என்றால் நெரிசல் மோடத்துக்குள் நடக்கிறது. அங்கே உங்கள் வரிசைக்கு வேலையில்லை. ரவுட்டரில் ஏறுவேகத்தை 9 மெகாபிட்டாக மட்டுப்படுத்தினால் நெரிசல் உங்கள் கைக்கு வரும். 4ஜி இணைப்பில் வேகம் நேரத்துக்கு நேரம் மாறுவதால், மிக மந்தமான வேளையில் அளந்து அதற்கும் சற்றுக் கீழே வையுங்கள். பொது இணையத்தில் 46ஐ யாரும் மதிப்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம்.

சோதனை, வேலை மும்முரமான நேரத்தில். கமராப் பதிவுப் பெட்டியிலிருந்து பெரிய கோப்பொன்றை இழுத்துக்கொண்டே அழைப்பு எடுங்கள். எந்த வரிசையில் பொதி தொலைகிறது என்று சுவிட்சின் எண்ணியில் பாருங்கள். மறுமுனையில் வயர்ஷார்க் என்ற, பொதிகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளை வைத்து, 46 அப்படியே வருகிறதா என்று பாருங்கள். லினக்ஸின் பிங் என்ற சோதனைக் கட்டளையில் சேவை வகை எண்ணாக 184 (46இன் நான்கு மடங்கு) கொடுத்தால் அதுவே டிஎஸ்சிபி 46. கடைசியில் அமைப்பைச் சேமியுங்கள். மறந்தால் அடுத்த மின்வெட்டோடு எல்லாம் போய்விடும்.

அடுத்த கொள்வனவுக்கு எங்கள் கோரிக்கை: அமைக்க முடியாத மலிவுச் சுவிட்சுகளை நிறுத்துங்கள். போர்ட்டுக்கு நான்கு வரிசையாவது, வரிசைவாரியாக இழப்பு எண்ணியும் வேண்டும் என்று எழுதுங்கள். கட்டடங்களுக்கிடையே செப்புக் கம்பி வேண்டாம், ஃபைபர் போடுங்கள்; ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலில் கருகுவது அந்தப் போர்ட்டுகள்தான். வேலை முடித்த ஒப்பந்தகாரர் அமைப்புக் கோப்பின் பிரதியையும் மேற்சொன்ன சோதனையின் முடிவையும் ஒப்படைத்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் வலையமைப்பு வேலை செய்வோர்