ஏழாவது போர்ட் என்கிற கடைமடை

ஏற்காடு,
ஐப்பசி, மழை விட்ட ஒரு சாயங்காலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மழையைக் காரணம் சொல்லலாம், தோட்டத்து வேலையைக் காரணம் சொல்லலாம். உண்மையில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "அந்தக் குச்சி மூன்றும் ஓடுகிறதா, இல்லை வழக்கம்போலப் பிரித்துப் போட்டுவிட்டாயா?" என்று, நீ கொடுத்த பிட்காயின் தோண்டும் யுஎஸ்பி குச்சிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டும்தான். பிரித்துப் போட்டேன், இப்போது ஓடுகிறது. இன்றோடு பத்தொன்பது நாள், தானாக ஒரு தடவைகூட நிற்கவில்லை. கரண்ட் போன நேரத்தைக் கணக்கில் சேர்க்காதே. இந்த மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து விழுந்தாலே கம்பி அறுந்துவிடும்.

இங்கே எல்லோரும் நலம். காபிப் பழம் அங்கங்கே சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, குளிர் ஏற ஏற அதுவும் ஏறுகிறது. போன வாரம் காட்டுமாடு ஒன்று வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, கொல்லையில் இருந்த சௌசௌ பந்தலை மொத்தமாகச் சாய்த்துவிட்டுப் போனது. உன் தங்கச்சி இன்னும் அதைத் திட்டி ஓயவில்லை. பெரியவன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் நாலு பக்கம் பிட்காயின் பற்றி எழுதியிருக்கிறாய்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் ஏழு வாங்கி ஓசூர் வீட்டில் வைக்கப்போவதாகச் சொல்கிறாய், அதனால் நான் பட்டதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

நீ கொடுத்தது காம்பாக் எஃப் வகை, கணக்குப் போடும் பிஎம்1397 சிப் ஒன்று உள்ளே. வேகத்தை 200 மெகாஹெர்ட்ஸில் வைத்தால் ஒரு குச்சி நொடிக்கு 130 கிகாஹாஷுக்குக் கொஞ்சம் மேலே தருகிறது; ஹாஷ் என்றால் அது போடும் ஒரு கணக்கு, கிகா என்றால் நூறு கோடி. ஒன்றை மட்டும் சொருகினால் தங்கமாக ஓடும். இரண்டு சொருகினாலும் ஓடும். மூன்றாவதைச் சொருகி இருபது நிமிஷம் ஆனால், திரையில் அதன் பேருக்கு எதிரே 'ஜாம்பி' என்று வந்துவிடும். குச்சிகளை ஓட்டும் சிஜிமைனர் மென்பொருளில், இணைப்பு விட்டுப்போன சாதனத்துக்கு அதுதான் பட்டம். பிடுங்கிச் சொருகினால் உயிர் வரும். அரைமணி கழித்து மறுபடி ஜாம்பி.

எனக்கு வந்த புத்தியைக் கேள். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். அந்த மென்பொருள் ஓடும் குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டை மாற்றினேன். குச்சிதான் கெட்டது என்று உன்னைக்கூட மனசுக்குள் இரண்டு வார்த்தை திட்டினேன். எட்டாவது நாள்தான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன், சப்ளையை முதலில் அளக்காமல் விட்டேன் என்றால் நீ நம்புவாயா? அம்மாபேட்டை அறையில் நாம் முதலில் கற்றுக்கொண்ட பாடமே அதுதானே. ராத்திரி பக்கத்துத் தறியெல்லாம் ஓடும்போது நம் டியூப்லைட் எரியாமல் கண் சிமிட்டும், நீ ஸ்டெபிலைசர் குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பாய்.

குச்சிகளைச் சொருகியிருந்தது ஏழு போர்ட் (சொருகும் வாய்) உள்ள யுஎஸ்பி ஹப்பில், அதன் அடாப்டரில் 5 வோல்ட் 4 ஆம்பியர் என்று அச்சடித்திருந்தது. சும்மா இருக்கும்போது அடாப்டர் முனையில் 5.08 வோல்ட். மூன்று குச்சியும் ஓடும்போது ஏழாவது போர்ட்டில் வைத்துப் பார்த்தேன், 4.27. அங்கேயே தெரிந்துவிட்டது. மேட்டூரில் மதகைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா, கடைமடைக்குப் போய்ச் சேரும் தண்ணீர்தானே கணக்கு. ஏழாவது போர்ட் கடைமடை.

நடுவில் எங்கே போகிறது என்று தேடினேன். முதல் குற்றவாளி அடாப்டர் ஒயர். உறையைப் பார்த்தால் தடிமன், உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு சுமார் 0.2 ஸ்கொயர் எம்எம். நீளம் 1.2 மீட்டர், போக வர 2.4 மீட்டர். அந்தக் கனத்தில் அவ்வளவு நீளச் செம்புக்கு 0.2 ஓம் வந்துவிடும். ஒரு குச்சி 1.1 ஆம்பியர் என்றால் மூன்றுக்கும் 3.3 ஆம்பியர். பெருக்கிப் பார், 0.66 வோல்ட்டை ஒயரே தின்றுவிடுகிறது. மிச்சம் போவது உள்ளே இருக்கும் குட்டி பாலிஃபியூஸிலும் (சூடானால் கரண்டைத் தடுத்து, ஆறியதும் விடும் ஃபியூஸ்), முடி மாதிரி ஓடும் போர்டின் செம்புக் கோடான டிராக்கிலும். இந்த ஹப்பில் நாலு போர்ட் சிப் இரண்டு. முதல் சிப்பின் ஒரு கை இரண்டாவது சிப்புக்குப் போகிறது, அதனால்தான் மூன்றும் நாலும் ஏழு. கடைசி நாலு போர்ட்டுக்கு டிராக் இன்னும் சுற்றிக்கொண்டு போகிறது.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். பல்பு என்றால் வோல்ட் குறைந்தால் கரண்டும் குறையும், மங்கலாக எரியும். இந்தக் குச்சி அப்படியில்லை. 5 வோல்ட்டைக் குறைத்துச் சிப்புக்குக் கொடுக்கும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. வெளியே வோல்ட் குறையக் குறைய, அது அதே வேலையைச் செய்ய இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். இழுக்க இழுக்க ஒயரில் இன்னும் விழும். ஒரு கட்டத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிடும். இருபது நிமிஷம் என்பது எல்லாம் சூடேறுவதற்கு ஆகும் நேரம்.

ஹப் செய்தவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதி 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. கீபோர்டும் பென் டிரைவும் சொருகத்தான் அதைச் செய்தான். 2013-ல் வந்த பிளாக் எரப்டர் குச்சி ஞாபகமிருக்கிறதா? 333 மெகாஹாஷ், 2.5 வாட். அதாவது சரியாக 500 மில்லி ஆம்பியர். அதனால் பவர் ஹப்பில் வரிசையாகச் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இப்போதைய குச்சி வேகத்தைக் கூட்டினால் தனியாக 2 ஆம்பியர் கேட்கிறது.

முதலில் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) ஒன்றைப் பரணிலிருந்து இறக்கினேன். பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஸ்டார்ட் ஆகும், சிவப்பில் 5 வோல்ட். ஆனால் 12 வோல்ட் பக்கம் லோடு இல்லாததால் 5 வோல்ட் தள்ளாடியது, விட்டுவிட்டேன். அப்புறம் சேலம் இறங்கி, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், கடை வாசலில் எழுத்து ஓடும் எல்இடி போர்டுக்குப் போடுவார்களே, அந்த 5 வோல்ட் 40 ஆம்பியர் சப்ளை வாங்கினேன். ஓரத்தில் சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பி 5.15 வைத்தேன். 5.25-ஐத் தாண்டாதே. அங்கிருந்து ஹப்புக்கு வீட்டு ஒயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், அரை மீட்டர்தான். இப்போது அதில் விழுவது 0.04 வோல்ட்.

ஹப் போர்டைத் திருப்பினால் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நாலு கால் தெரியும். நடு இரண்டும் டேட்டா, பக்கத்தில்கூடப் போகாதே. ஓரத்துக் கால் ஒன்று 5 வோல்ட், இன்னொன்று கிரவுண்ட், மீட்டர் வைத்து உறுதி செய்துகொள். கிரவுண்ட் கால் எல்லாவற்றையும் சேர்த்து உரித்த செம்புக் கம்பி ஒன்றை நீளமாகப் பற்றவைத்தேன். நிறைய பேர் சிவப்புக்கு மட்டும் தடி ஒயர் போட்டுவிட்டுக் கறுப்பை மறந்துவிடுகிறார்கள். போகிற வழி அகலமாக இருந்து திரும்புகிற வழி ஒற்றையடிப் பாதையாக இருந்தால் என்ன பிரயோஜனம்? என் 25 வாட் சால்டரிங் அயர்ன் அந்தக் கம்பியைச் சூடாக்கவே இல்லை. ஈயம் உருண்டை உருண்டையாக மேலே உட்கார்ந்தது, தட்டினால் உதிர்ந்தது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சின்ன மாமனார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "உலோகம் சூடாகாம ஒட்டு ஒட்டாது மாப்பிள்ளை, பொடி வச்சு ஊதணும்" என்றார். பொடி வைத்துப் பேசுவதில் அவர் மன்னன், அன்றைக்குத்தான் பொடி வைத்து ஊதுவதையும் சொல்லிக் கொடுத்தார். 60 வாட் அயர்ன், ஈயம் பிடிக்கப் போடும் ஃபிளக்ஸ் நிறைய, ஒட்டு பளபளவென்று பிடித்தது.

5 வோல்ட் பக்கம் மட்டும் அப்படி ஒரே கம்பியாக இழுக்காதே. 40 ஆம்பியர் சப்ளை என்றால், ஏதாவது ஷார்ட் ஆனால் அது நிற்காது, பிளாஸ்டிக் உருகும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும். அடாப்டராவது தானே படுத்துவிடும். நான் போர்டில் இருந்த பாலிஃபியூஸைத் தாண்டிப்போனேன், அதனால் ஒவ்வொரு குச்சிக்கும் 3 ஆம்பியர் கார் ஃபியூஸ் ஒன்று தனித்தனியாகப் போட்டேன், மெயினில் 10 ஆம்பியர். போர்ட் பக்கத்திலேயே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று. கெபாசிட்டரை மறந்தாலும் பரவாயில்லை, ஃபியூஸை மறந்துவிடாதே.

எல்லாம் முடித்து ராஸ்பெர்ரி பையின் பிளக்கைப் பிடுங்கினேன். அதன் சிவப்பு லைட் அணையவே இல்லை. ஒரு நொடி பயந்துவிட்டேன். ஹப்பிலிருந்து கேபிள் வழியாகப் பின்பக்கமாகக் கரண்ட் ஏறி அதை உயிரோடு வைத்திருக்கிறது. இணைக்கும் கேபிளின் தோலைக் கீறி, உள்ளே சிவப்பை மட்டும் வெட்டினேன். கறுப்பை வெட்டினால் டேட்டாவே போகாது. சில ஹப், அந்தச் சிவப்பில் வோல்ட் இருந்தால்தான் கணினி இணைந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வெட்டிய இடத்தில், கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒன்று போட்டுக்கொள். என்னுடையது எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் ஷாக் கதை. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று சப்ளையின் தகரப் பெட்டியைத் தொட்டேன், எறும்பு ஊர்கிற மாதிரி சுரீரென்றது. பார்த்தால் மாமனார் காலத்துப் பிளக் பாயிண்டில் எர்த்தே இல்லை, மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம். இந்த மாதிரிப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். கொல்லையில் புதிதாகக் குழி வெட்டி எர்த் போட்ட பிறகுதான் மறுபடி ஆன் செய்தேன்.

இப்போது மூன்றும் ஓடும்போது ஏழாவது போர்ட்டில் 5.06. குச்சிக்கு எதிரே சின்ன ஃபேன் வைத்திருக்கிறேன், இந்தக் குளிருக்கு அதுவே அதிகம். உன் வீட்டில் சித்திரையில் என்ன செய்வாய் என்று தெரியவில்லை.

இனி உன் ஏழு குச்சிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. என் மூன்றும் சேர்ந்து 400 கிகாஹாஷ். ஒரு பிளாக் (பிட்காயின் கணக்கேட்டின் ஒரு பக்கம்) கண்டுபிடித்தால் கிடைக்கும் பரிசு 2024 ஏப்ரலில் பாதியாகி 3.125 பிட்காயின் ஆனபோதே உலகம் மொத்தமும் 600 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸா என்றால் நூறு கோடி கிகா) அளவில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குப் பிறகு கூடித்தான் இருக்கிறது. அந்த 600-ஐயே வைத்துக்கொள். தனியாக ஒரு பிளாக் கிடைக்க, சராசரியாக 28 ஆயிரம் வருஷம். பலரோடு கூட்டாகத் தோண்டும் பூலில் சேர்ந்தால் நாளைக்கு 30 சடோஷி (ஒரு பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் சடோஷி). ஒரு பிட்காயின் 60 லட்ச ரூபாய் என்றால் 1 ரூபாய் 80 பைசா. ராஸ்பெர்ரி பை, ஃபேன், சப்ளையின் இழப்பு எல்லாம் சேர்த்து 30 வாட், இரண்டு மாசத்துக்கு 43 யூனிட். அரசு தரும் இலவச யூனிட்டில் நல்ல பங்கு போய்விடுகிறது. மேலே 2022-லிருந்து பிட்காயின் வருமானத்துக்கு 30 சதவீத வரி வேறு, கரண்ட் பில்லைக்கூடக் கழிக்க முடியாது. நம் ஊரில் 2003-ல் லாட்டரிச் சீட்டை ஒழித்தார்கள், நான் காபித் தோட்டத்தில் உட்கார்ந்து ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பாய். சும்மாதான். காலையில் எழுந்து மூன்று லைட்டும் சிமிட்டுவதைப் பார்த்தால், நம் முதல் டிரான்சிஸ்டர் ரேடியோ பாடிய அன்றைக்கு இருந்த மாதிரி இருக்கிறது. அதற்கு மூன்றே போதும், ஏழு வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் ஒன்று வாங்கு, நல்ல ஒயராக வாங்கு.

காலியாகக் கிடக்கும் போர்ட்டுகளை வீணாக்கவில்லை. ஏழாவதில் அம்மாவின் எமர்ஜென்சி லைட் சார்ஜ் ஆகிறது. "பழைய சார்ஜரைவிட இது தேவலை, என்ன செஞ்சே?" என்று கேட்டாள். அவளுக்கும் கடைமடைக் கதையைச் சொன்னேன், பாதியில் தூங்கிவிட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது கார் ஃபியூஸ் ஹோல்டர் நாலு வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை. சேலத்தில் இறங்கினால் தட்டுவடை செட்டைப் பிரித்துக் கட்டச் சொல், போன தடவை மேலே வருவதற்குள் நமத்துப்போயிருந்தது. மழை வலுத்து மெயின் ரோட்டில் மண் சரிந்தால் அந்த இருபது வளைவில் மாட்டிக்கொள்ளாதே, குப்பனூர் வழியாக வந்துவிடு.

உன் மச்சான்