முளைக்காத நாட்டு விதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விதைத் திருவிழாக்களில் வாங்கும் நாட்டுக் காய்கறி விதை முளைப்பதில்லை, முளைத்தாலும் சொன்ன ரகமாகக் காய்ப்பதில்லை என்று மாடித்தோட்டக்காரர்கள் பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். விதையின் மேல் பழி போடுவது நியாயமில்லை. கோளாறு, எடுத்த காலத்திலும் உலர்த்திய விதத்திலும் இருக்கிறது.

ஆடிப்பட்டம் சமையலுக்கான காய்க்குப் பொருந்தும். விதைக்கு அது ஆகாது. ஆடியில் ஊன்றிய வெண்டை ஐப்பசி அடைமழையில்தான் நெற்றாகும். பூஞ்சணம் பிடித்து விதை கறுத்துப்போகும். தையில் ஊன்றினால் சித்திரை வெயிலில் நெற்று காய்ந்து, விளிம்பில் மயிரிழை வெடிப்பு விடும். பறிக்க அதுதான் பருவம். தக்காளிக்கு இந்தக் கணக்கு உதவாது. இரவு வெப்பம் 22 டிகிரிக்கு மேல் போனால் பூ உதிரும் என்பதால், கார்த்திகை தொடக்கத்திலேயே நாற்றுவிட்டுத் தையில் பூக்க வைக்க வேண்டும்.

வெண்டைக்கு மகரந்தச் சேர்க்கை அதன் பூவுக்குள் தானாகவே நடந்துவிடும் என்று நம்பி இரண்டு ரகங்களை அருகருகே வைப்பவர்கள் உண்டு. தேனீ சும்மா இருக்காது, ஒரு ரகத்தின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்துவிடும். அரசுச் சான்று பெறும் விதைக்கு, ரகங்களுக்கு இடையே வெண்டையில் 200 மீட்டர், கத்தரியில் 100 மீட்டர், தக்காளியில் 25 மீட்டர் விலகு தூரம் வைத்திருப்பது அதனால்தான். மாடியில் 200 மீட்டருக்கு எங்கே போவது? மறுநாள் மலரவிருக்கும் வெண்டை மொட்டுக்கு முந்தின மாலையே மெல்லிய துணிப்பை கட்டினால் போதும். பூ வாடியதும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் அடையாள நூல் கட்டுங்கள். சுரை, பீர்க்கில் ஆண் பூ, பெண் பூ இரண்டையும் மூடிவைத்து, ஆண் பூவின் மகரந்தத்தைக் கையால் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். இவை மாலையில் மலர்பவை, காலையில் போனால் வேலை நடக்காது.

விதையைச் சுற்றிய வழுவழுப்பு நீங்க, தக்காளிச் சதையைத் தண்ணீர் விடாமல் புளிக்க வைக்க நம் வெக்கைக்கு 24 மணி நேரம் போதும். குளிர்நாட்டுக் குறிப்பைப் பார்த்து மூன்று நாள் விட்டால் விதை பாத்திரத்திலேயே முளைவிடத் தொடங்கும்.

பெரும்பாலான விதை சாவது இதற்குப் பிறகுதான். கழுவிய விதையை உச்சிவெயிலில் தகரத்தில் பரப்பினால் கரு வெந்துவிடும். முதல் நாள் நிழலிலும், பிறகு காலை, மாலை இளவெயிலிலும் காய வையுங்கள். தக்காளி, கத்தரி விதையைக் காற்றுப்புகாத பாட்டிலில் அடைக்க ஈரப்பதம் 6 சதவீதத்துக்கு இறங்கியிருக்க வேண்டும், வெண்டைக்கு 8. நம் மழைக்காலக் காற்றில் வெயில் மட்டும் அவ்வளவு இறக்காது. பாட்டிலுக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, நீல மணி இளஞ்சிவப்பானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். ஈர விதையை இறுக மூடுவதோ துணிப்பையில் தொங்கவிடுவதைவிட மோசம்.

விதை பகிர்வோருக்கு ஒரு வேண்டுகோள். 100 விதையை ஈரத்துணியில் முளைக்கட்டி, முளைத்தவற்றை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையையும் அறுவடை மாதத்தையும் பொட்டலத்தில் எழுதிக் கொடுங்கள். வெண்டையில் 65, தக்காளி, கத்தரியில் 70 தேறாவிட்டால் அந்தப் பொட்டலத்தை யாருக்கும் தராதீர்கள்.

இப்படிக்கு,
காய்கறி விதை உற்பத்தியாளர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்