ராகமும் தாளமும் திரையிலும் வரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி இசை விழாச் செய்திகளைத் தங்கள் நாளிதழில் விடாமல் படிக்கிறேன். அதே ராகங்களில் ஞாயிறுதோறும் பாடி ஜெபிக்கிற கிறிஸ்தவர்களும் இந்தக் காவிரிக் கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம்.

எங்கள் பழைய கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். செஞ்சுருட்டி ராகம், ஆதி தாளம்; ஆனந்தபைரவி ராகம், ரூபக தாளம் என்று. இப்போது நான் போகும் ஆலயத்தில் திரை வந்துவிட்டது. பாட்டு பெரிய எழுத்தில் ஓடுகிறது. அந்த ஒரு வரியை மட்டும் காணோம். கீபோர்டில் ஓடும் ரிதம் ரூபகத்தைக்கூட ஆதியாக்கிவிடுகிறது. ஐந்து சரணம் உள்ள கீர்த்தனையை இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்தவர். சரபோஜி மன்னரின் அவைப் புலவர். ஊரில் ஒலித்த சங்கீதத்திலேயே ஜெபத்தையும் அமைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சரணமும் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அதே வேண்டுதல் இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். சரணத்தை வெட்டினால் அது நடக்காது.

என் கணவர் இறந்த வாரம் எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை. போதகர் வந்து ஆறுதல் சொன்னார்; ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. சாயங்காலம் என் நாத்தனார் பாயில் உட்கார்ந்து, தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டு முகாரியில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். அனுபல்லவியில் நானும் சேர்ந்துகொண்டேன். என்னால் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பாட்டு ஆண்டவரிடம் சொல்லிவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் ஒரு பிடி சோறு இறங்கியது.

துக்கம் கேட்க வந்த எதிர்வீட்டு நாகசுரக்காரத் தம்பி அந்தப் புத்தகத்தைப் புரட்டி, ராகப் பெயர்களைப் பார்த்துவிட்டு, “எல்லாம் நம்ம ராகமால்ல இருக்கு அக்கா” என்றார். அவருக்கு எங்கள் வேதம் தெரியாது. முகாரி தெரியும்.

பிள்ளைகள் பாடும் புதுப் பாட்டுகள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களும் மனதாரத்தான் பாடுகிறார்கள். சபைப் பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான்: வாரம் ஒரு கீர்த்தனையாவது கீபோர்டை நிறுத்திவிட்டு, எல்லாச் சரணத்தோடும் பாடுங்கள். ராகம், தாளம் எழுதிய வரியைத் திரையிலும் போடுங்கள். மெட்டு தெரிந்த பாட்டிமார் இன்னும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தரங்கம்பாடி வட்டம்